கண் மூடிய முகம்

கார்த்திகை, செவ்வாய் இரவு

மாதா கோயிலுக்கு எழுதிக்கொண்டிருந்த படம் இன்று முடிந்தது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாய். பழைய இத்தாலி ஓவியத்தின் நகல். பங்குச் சாமியார் கொடுத்த பிரிண்டில் மகனின் முகம் மங்கலாக இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கும் என் மகன் மாதேஷைப் பார்த்துத்தான் அதை வரைந்தேன். வேலை மும்முரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

சாயங்காலம் அவன் கம்பெனி பஸ் ஏறிய பிறகு மனைவி படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம மாதேசாட்டமே இருக்குதே! செத்தவன் மூஞ்சிக்குப் புள்ளையவா பாத்து எழுதுனீங்க?"

தளி, தேன்கனிக்கோட்டை என்று ஊர் ஊராகப் போய் முனியப்பனும் மாரியம்மனும் எழுதியவன் நான். கண் திறக்காமல் ஒரு சாமியையும் விட்டதில்லை. மூடிய கண்ணோடு ஒரு முகத்தை முடித்தது இதுதான் முதல் தடவை.

அவனுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. பிரஸ் மெஷினில் நிற்கும்போது போன் லாக்கரில்தான் இருக்கும். தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தேன்.

கடைசியில் கறுப்பைத் தொட்டு, மடியில் கிடக்கும் அந்த மகனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டேன். இப்போது என்னையே பார்க்கிறான். காலையில் சாமியார் என்ன சொன்னாலும் சரி, அதற்கு முன் மாதேஷ் வீடு வந்து சேர வேண்டும்.

வந்ததும் படுத்துக் கண்ணை மூடுவான். அதை நான் எப்படிப் பார்ப்பேன்.