பச்சை ஓரம்

லூக்கா நகரம், 1381

ஏப்ரல் 22
நூல் வந்துவிட்டது. கூடவே வயிற்றெரிச்சலும்.

பட்டு வணிகர் லாந்துச்சோ அனுப்பிய மூட்டையைப் பிரித்தேன். சிவப்பு நூல், கொஞ்சம் தங்க ஜரிகை, ஓரத்துக்கென்று தனியாகப் பச்சை நூல். சிவப்பைப் பார்த்ததுமே சந்தேகம். ஓர் இழையைப் புளித்த திராட்சை ரசத்தில் நனைத்துப் பிழிந்தேன். சாயம் மஞ்சளாக ஓடியது. மரச் சிவப்பு! மரக்கட்டையிலிருந்து எடுத்த சாயம், வெயில் பட்டால் வெளுக்கிற மலிவுச் சரக்கு.

துணிக்குப் பச்சை ஓரம் இருந்தால் உள்ளே பூச்சியை அரைத்தெடுத்த பூச்சிச் சிவப்பு, காலத்துக்கும் மங்காது என்று இந்த ஊரே சத்தியம் செய்து கொடுப்பதாக அர்த்தம். மரச் சிவப்புக்கு வெள்ளை ஓரம்தான். கடல் கடந்து வாங்குகிறவர்கள்கூட ஓரத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

நான் பொய் நெய்ய வேண்டுமாம். என் தறியில்!

ஏப்ரல் 24
நேரிலேயே போய்க் கேட்டேன்.

“ஐயா, நூலும் ஓரமும் ஒத்துப்போகலையே.”

“நெய்யறதுதான் உன் வேலை, தத்துச்சா. மத்தது உனக்கெதுக்கு?”

“முத்திரை மண்டபத்துல சோதிக்கிறப்ப மாட்டினா துணியைச் சந்தையில வச்சு எரிப்பாங்க. என்னை அப்புறம் தறியிலயே உக்கார விடமாட்டாங்க. உங்களுக்கு அபராதத்தோட போயிடும்.”

“அவங்க ஓரத்தைத்தான் பாப்பாங்க. நூலை நனைச்சா பாக்கப் போறாங்க? முடியாதுன்னா சொல்லு, உன் தெருவுக்கே நூல் வராம பண்றேன். நாத்தனாரைக் கூட்டிக்கிட்டுக் காட்டுல கஷ்கொட்டை பொறுக்கித் தின்னப் போ.”

சிரித்துக்கொண்டே சொன்னான். சொன்னார் என்று எழுத மாட்டேன். இனி இந்தத் தாளில் அவன், ‘அவன்’தான்.

ஏப்ரல் 25
மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

ஏப்ரல் 27
மாந்தினா பிடித்துக்கொண்டாள். செத்துப்போன என் வீட்டுக்காரரின் தங்கை. நான் நெய்ய, அவள்தான் பூவேலைக் கயிறுகளை இழுத்துக் கொடுப்பவள்.

“ரோஷத்தை வச்சுக் கஞ்சி காய்ச்ச முடியுமா அண்ணி? நம்மள விடு, தெருவே அவன் நூலை நம்பித்தானே கெடக்கு?”

நியாயம்தான். அதுதான் எரிகிறது.

தறிக்கு அடியில் கண்ணாடியோடு மல்லாந்து படுத்தேன். தறியில் பழைய துணி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பூவேலைத் துணியை முகம் கீழே பார்க்கத்தான் நெய்வோம். மேலே தெரிவது முதுகு. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இப்படிப் படுத்தால்தான் உண்டு. அவன் ஒருநாளாவது படுத்திருப்பானா? வருவான், முதுகைத் தடவுவான், போவான்.

முதுகை மட்டும்தான் பார்ப்பான். அப்படியானால் — ஏன் கூடாது?

ஏப்ரல் 30
பாவு ஏற்றினேன். ஓரத்துக்கு என்னிடம் மிச்சமிருந்த வெள்ளை. அதன் மேல் பச்சை இழைகளைச் சும்மா கிடத்தி, அங்கங்கே ஊடையில் ஒரு பிடிப்பு மட்டும். மேலிருந்து பார்த்தால் அசல் பச்சை ஓரம். துணியை அறுக்கிற நாளில் பாவாடை நாடா மாதிரி உருவிவிடலாம்.

“மாட்டினா என்ன பண்ணுவே?” என்றாள் மாந்தினா.

“அவன்தானே வாயத் தொறக்கணும்? என்னன்னு தொறப்பான்? ‘நான் பொய் ஓரம் கேட்டேன், இவ வைக்கல’ன்னா?”

அவள் சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவி பூவேலையில் ஒரு சிறுத்தைக்கு வால் இல்லாமல் போய்விட்டது. பிரித்து மறுபடி நெய்தேன்.

ஜூன் 3
வந்தான். பச்சையைத் தடவினான். “பரவாயில்லையே, புத்தி வந்துடுச்சு.” “ஆமாங்கய்யா” என்றேன். அவன் போனதும் வாய் கொப்பளித்தேன்.

ஜூலை 8
பயமா இருக்கு. நான் யாரு இவன்கூட மோத? தறி போச்சுன்னா எங்க போவேன்? இந்தத் தொழில் தெரிஞ்ச யாரையும் ஊரை விட்டுப் போகவும் விடமாட்டாங்க. ஆனா என் கையாலயே பொய்ய நெய்துட்டா, அப்புறம் தறி இருந்துதான் என்ன?

ஆகஸ்ட் 19
அறுத்தோம். உருவினோம். பச்சை நூலைச் சுற்றித் தனியாக எடுத்து வைத்தேன். அவன் நூல் எனக்கு எதற்கு?

ஆகஸ்ட் 20
முத்திரை மண்டபம். அவன் ஜெனோவாவிலிருந்து வந்த வாடிக்கையாளரோடு நின்றிருந்தான். சோதனைக்காரர் துணியை விரித்தார்.

“மரச் சிவப்பு, வெள்ளை ஓரம். சரியா இருக்கு.” முத்திரை விழுந்தது.

அவன் பாய்ந்து வந்து ஓரத்தைப் புரட்டினான். முன்னும் பின்னும் புரட்டினான். “இது… இதுல…”

“என்னங்கய்யா, ஓரத்துல குறையா? சோதனைக்கார ஐயா இங்கதானே இருக்காரு, சொல்லுங்க.”

வாய் திறந்தது, மூடிக்கொண்டது.  நான் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பூச்சிச் சிவப்புன்னு சொன்னீங்களே?” என்றார் ஜெனோவாக்காரர்.

“அது… வேற துணிங்க.”

வாசலில் என்னை மறித்தான். “இனிமே உனக்கு நூல் கெடையாது.”

“எனக்கு வேணாங்கய்யா. தெருவுக்கு நிறுத்திடாதீங்க. ஏன்னு கேப்பாங்க. கேட்டா நான் சொல்ல வேண்டி வரும்.”

செப்டம்பர் 13
ஊரே திருநாள் மெழுகுவத்தி ஊர்வலத்துக்குத் தயாராகிறது. தெருவில் எல்லாத் தறியும் ஓடுகிறது, என்னுடையதைத் தவிர. கஷ்கொட்டை மாவு ரொட்டிதான் மூன்று வேளையும். பசி இருக்கிறது. வருத்தம்? தேடிப் பார்த்தேன், இல்லை.

அக்டோபர் 2
பசி தாங்காமல் மாந்தினா அழுதாள். நான் அவளைத் திட்டினேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

நவம்பர் 11
புனித மார்ட்டின் நாள். அவன் ஆள் ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஜெனோவாக்காரர், அந்த வெள்ளை ஓரம் நெய்தவள் துணியைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாராம், சந்தையில் பேச்சு.

சிவப்பு நூல், பச்சை நூல். சிவப்பை நனைத்தேன், பிழிந்தேன், வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்தேன். ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை. பூச்சிச் சிவப்பேதான்.

பாவு ஏற்ற உட்கார்ந்தோம். மாந்தினா பச்சை இழையைக் கையில் எடுத்துக்கொண்டு, “போன தடவை மாதிரி சும்மா கெடத்தவா அண்ணி?” என்றாள்.

“வேணாம். இழுத்துக் கட்டு.”