சிகாகோ பீட்சாவும் அப்பாவின் முதல் சொல்லும்

நியூ ஹேவன்,
நவம்பர் 9

அன்பு மகள் லொரேனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா போன வாரத்தைவிட இந்த வாரம் நலம், செயின்ட் லூயிஸில் நீயும் மருமகனும் நலம்தான் என்று உன் கையெழுத்தில் படிக்க ஆசை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பேச ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீ பயந்துபோய் விமானம் ஏறிவிடுவாய், அதனால்தான் காகிதம் எடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல சேதிதான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது, இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார். வலது கை கொஞ்சம் எழும்புகிறது, கைத்தடி ஊன்றிக் கழிப்பறை வரை போகிறார், பேச்சு மட்டும் வரவே இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் யொலாண்டா தினமும் காலையில் வந்து படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள், நாய், நாற்காலி, பந்து. அப்பா அட்டையைப் பார்ப்பார், பிறகு சன்னலைப் பார்ப்பார். முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவர், ஓட்டும்போது வாய் மூடுவதே இல்லை என்று அவர்மேல் புகார் எழுதிப்போட்ட பயணிகள்கூட உண்டு, அவரிடம் பந்துப் படத்தைக் காட்டினால் என்ன சொல்வார். ஒருநாள் யொலாண்டா என்னை வெளியே அழைத்து, சீக்கிரம் ஒரு சொல்லாவது வந்துட்டா நல்லதும்மா, நாளாக நாளாகக் கஷ்டம் என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் ஒத்தாவியோ சித்தப்பா சிகாகோவிலிருந்து வந்து இறங்கினார். வேலைக்கென்று அங்கே போய் நாற்பது வருடம் ஆகிறது, போன மறுவருடமே அந்த ஊர் பீட்சாதான் பீட்சா என்று சொல்ல ஆரம்பித்த மனிதர். அண்ணனும் தம்பியும் ஞாயிறுதோறும் போனில் அதற்காக அடித்துக்கொண்டதெல்லாம் உனக்குத் தெரியாததா. அப்பா விழுந்த பிறகும் ஞாயிறானால் சித்தப்பா கூப்பிடுவார், நான் போனை அப்பா காதில் வைப்பேன், இந்தப் பக்கம் பேச்சில்லை என்றதும் அந்தப் பக்கம் விசும்பல் கேட்கும், வைத்துவிடுவார். இந்த முறை பெட்டியோடு ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். பழம் இருக்கும் என்று பிரித்தால், அலுமினியத் தாளில் சுற்றி, தட்டோடு, இரண்டு அங்குல உயரத்துக்கு, உள்ளே தக்காளிக் குழம்பு நிறைந்த சிகாகோ பீட்சா. மசித்த கூழைத் தவிர எதுவும் தரக்கூடாது, புரையேறிவிடும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இது என்ன கொடுமை ஒத்தாவியோ, அவர் பார்த்துக்கொண்டிருக்க நீ உட்கார்ந்து தின்னப்போகிறாயா என்று கேட்டேன். நீங்க சும்மா இருங்க அண்ணி, அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன் என்றார்.

நடையிலிருக்கும் மைக்ரோவேவில் சூடாக்கிக்கொண்டு வந்து, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கத்தியும் முள்கரண்டியுமாக ஆரம்பித்தார். பாருண்ணே, இதுக்குப் பேருதான் பீட்சா, சீஸ் எப்படி நூலா இழுக்குது பாரு, உங்க ஊர்ல கரி அடுப்புல தீய விட்டு கறுப்பா எடுத்து நீட்டுவான், சீஸ் வேணும்னா தனியா வாயத் தொறந்து கேக்கணும், இல்லேன்னா வெறும் தக்காளி, அதுவும் போதாதுன்னு சிப்பிக் கறியத் தூவித் தின்னுவீங்க, எங்க ஊர்ல தீஞ்சத நாய்க்குக்கூடப் போட மாட்டோம் என்று நிறுத்தாமல் பேசினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, தட்டைப் பிடுங்கப் போனேன், அப்போதுதான் பார்த்தேன், சித்தப்பா கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, வாய் மட்டும் நிற்கவில்லை. அப்பாவுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. இடது கை போர்வையைப் பிசைகிறது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது, மறுபடி திறந்தார். சூப்பு என்றார்.

வாசலில் நின்ற நர்ஸ், அவர் சூப்பு கேக்கறாரு என்று ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் கூழாக மசித்துக் கொண்டுவந்தாள். அப்பா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, சித்தப்பாவின் தட்டைக் காட்டி, இன்னும் தெளிவாகச் சூப்பு என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அது பீட்சா இல்லடா, ரொட்டிக்குள்ள ஊத்தின சூப்பு என்றுதானே நாற்பது வருடமாகத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா முள்கரண்டியைப் போட்டுவிட்டுக் கட்டில் கம்பியில் தலையை வைத்து, ஆமாண்ணே, சூப்புதான், நீ சொன்னா சரிதான் என்று அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, இன்னிக்கு மட்டும்தான் ஒத்துக்கறேன் என்றும் சொன்னார். மீதியிருந்ததில் ஒரு துண்டை நடையில் நின்று நான் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது, அப்பாவிடம் சொல்லிவிடாதே.

மறுநாள் சேதி கேட்ட யொலாண்டா அட்டைகளை மூட்டை கட்டிவிட்டாள். அவள் டெட்ராய்ட்காரி. எங்க ஊர்ல கார் கம்பெனில உதிரி பாகம் வைக்கிற இரும்புத் தட்டுல சதுரமா சுடுவோம், ஓரத்துல சீஸ் கருகி மொறுமொறுன்னு நிக்கும், தக்காளிய எல்லாத்துக்கும் மேலதான் ஊத்துவோம், அதுக்கு ஈடே கிடையாது என்று ஆரம்பித்தாள். அப்பா, மேல இல்ல, கீழ என்றார். மூன்று சொல் சேர்ந்தாற்போல் வந்தது. இதுவரை ஒன்பது சொல் வந்திருக்கிறது, போடா என்பதும் அதில் ஒன்று.

அதனால் வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்கு நீ கூப்பிட வேண்டும். எப்படி இருக்கீங்க, மருந்து சாப்பிட்டீங்களா என்று ஆரம்பிக்காதே. உங்கள் ஊரில் பிஸ்கோத்து மாதிரி மெல்லிசாகச் சுட்டு, பல்லில் ஒட்டும் அந்த வெள்ளைச் சீஸைப் போட்டு, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டித் தருவார்களே, உலகத்திலேயே அதுதான் உசத்தி என்று சொல். பொய்யாயிற்றே என்று தயங்காதே, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். அவருக்குப் பதில் வர நேரமாகும், நடுவில் நீ பேசி நிரப்பிவிடாதே, காத்திரு.

என் பெயர் இன்னும் அவருக்கு வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் போர்வையை இழுத்துவிட்டபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லொரேன் என்றார். நான் ம் என்றேன்.

தேவமாதா உங்களைக் காப்பாற்றட்டும். குளிர் வந்துவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிறு, நாலு மணி, இங்கத்திய நேரம்.

உன் அம்மா,
ரோசாலியா