பால் இறங்காத வீடு

ஜூன் 9

கிஷோர் காலை ஷிப்டுக்கு வேனை எடுத்துக்கொண்டு சிறுசேரிக்குப் போய்விட்டார். வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் பாப்பாவுக்குப் பால் இறங்கியது. குடித்தபடியே தூங்கிவிட்டாள்.

அவர் வீட்டில் இருந்தால் ஏன் இறங்குவதில்லை? மார்பு கல்லாகக் கனக்கிறது. அவள் சப்பிச் சப்பி முகம் சிவந்து அழுகிறாள். பயம் பாலையுமா பிடித்து நிறுத்தும்?

ஜூன் 12

சோறு குழைந்துவிட்டது. தட்டு முகத்தில் வந்து விழுந்தது. உதடு கிழிந்திருக்கிறது.

ஜூன் 15

நேற்று எழுதக் கை வரவில்லை.

பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது சாப்பாடு கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன். "எனக்கு மேல அதுவாடி ஒனக்கு?" குழந்தை மடியில் இருக்கும்போதே முதுகில் உதைத்தார். நான் அவள்மேல் கவிழ்ந்துகொண்டேன். அடுத்தது விலாவில். பயத்தில் பாப்பா ஈறால் காம்பை இறுக்கிவிட்டாள் — எது வலித்தது என்றே தெரியவில்லை.

மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு வந்து, "ஆம்பள பசியோட வந்துகீறான். நீ கொயந்தய மடில போட்டுகினு குந்திகினு கீற. கோவம் வராதா?" என்றார்.

ஜூன் 18

தடுப்பூசி. பாப்பாவின் எடை இறங்கியிருக்கிறது. எப்படிப் பால் கொடுக்கிறேன் என்று பார்க்க நர்ஸ் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். விலாவின் கன்றிப்போன இடத்தையும் பார்த்துவிட்டார்.

"விழுந்துட்டேன் சிஸ்டர்."

"ஒனக்குப் பாலு இருக்கும்மா. பயந்துகினே இருந்தா எப்படி எறங்கும்? யாரு அடிக்கிறா?"

மாமியார் திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தார். நான் துணியை இழுத்து மூடிக்கொண்டேன். நீ எல்லாம் ஒரு அம்மாவா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 20

கிஷோர் பால்பவுடர் டப்பா வாங்கி வந்துவிட்டார். "வெறும் தோலுடி நீ" என்றார்.

ஜூன் 28

அம்மாவிடம் போனில் அழுததைக் கேட்டுவிட்டார். முடியைப் பிடித்து இழுத்துவந்து மாடிப்படியில் தள்ளினார். கதவைத் தாழிட்டார். பாப்பா உள்ளே.

எதிர்வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. உள்ளே அவள் கதறினாள். நடுவில் கதவு இருந்ததாலோ என்னவோ, பால் தானாகப் பீய்ச்சியடித்து நைட்டி நனைந்து வயிற்றில் வழிந்தது. இரண்டு கையாலும் கதவை அடித்தேன்.

கீழ்வீட்டு ரெபேக்காள் அக்கா ஏறி வந்தார். "போலீசுக்குச் சொல்லிட்டேன். கதவத் தொற தம்பி."

திறந்தான். பாப்பாவை ஒரு கையில் கவ்விக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீட்டினான். கீழே இரண்டு மாடி.

"போலீசு வரட்டும். அதுக்குள்ள இத்த வுட்டுர்றேன்."

எனக்கு யோசனையே இல்லை. அந்தக் கையைப் பிடித்து உள்பக்கம் இழுத்து மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. விடவில்லை. அக்கா பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். அவன் இன்னொரு கையால் என் இடது காதோடு அறைந்தான், மறுபடி அறைந்தான். "வுட்டுடு தேவி, கொயந்த எங்கிட்ட கீது, நீ கீழ ஓடு" என்று அக்கா சொன்னது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது.

ஜூன் 30

அம்மா வீடு. குப்பம். பாப்பாவுக்கு அடி எதுவும் இல்லை. என் காதுஜவ்வு கிழிந்திருக்கிறது. மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாயிற்று.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "எத்தினி பொம்பள அடி வாங்கிகினு குடும்பம் பண்றா. கூட்டிம்போய் வுட்டுட்டு வா."

அம்மா மீன்கூடையை இறக்கி வைத்தாள்.

"நானுந்தான் வாங்கினேன், ஒங்கையால. இவ அப்ப எம்மார்ல பாலு குடிச்சிகினு இருந்தா. எனக்குப் போக எடமில்ல. இவளுக்குக் கீது."

அப்பா எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். இதை அம்மா இதுவரை என்னிடம் சொன்னதேயில்லை.

ஜூலை 11

பவுடர் பாலுக்குப் பழகிவிட்டாள். மார்பில் வைத்தால் திருப்பிக்கொள்கிறாள். பால் ஊறட்டும் என்று அம்மா சுறாப்புட்டு செய்து போட்டபடி இருக்கிறாள். நானும் அவளை மார்பில் வைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 24

கனவில் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். சீ.

செப்டம்பர் 17

செங்கல்பட்டு கோர்ட். அவன் எங்களை நெருங்கக் கூடாது என்று கேட்டிருக்கிறோம். கூட அம்மா வந்தாள். அப்பா வரவில்லை, பஸ் ஏற்றிவிட்டார்.

வராந்தாவில் கூட்டம். எதிர்ச்சுவர் ஓரம் கிஷோரும் மாமியாரும். பாப்பா பசிக்கு அழுதாள். போன மாதம்தான் மறுபடி மார்பில் பிடிக்கத் தொடங்கியிருந்தாள். ஒதுங்க இடமில்லை. அங்கேயே உட்கார்ந்து மடியில் போட்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஒருமுறை பார்த்தேன்.

சப்பினாள். நிறுத்தினாள். சிணுங்கினாள். மறுபடி சப்பினாள். வராதோ என்று நினைத்தேன்.

அப்புறம் மார்பு சுருக்கென்றது. மடக் மடக்கென்று விழுங்கினாள். கடைவாயில் வழிந்ததை அம்மா துடைத்துவிட்டாள்.

எங்கள் பெயரைக் கூப்பிடும்வரை குடித்தாள்.