பெயிண்ட் அடிக்கக் கூடாத துளை

என்றும் என் அன்புக்குரிய அப்பாவுக்கு,

இன்று காலை அண்ணன் கடலுக்குப் போய்விட்டான். நீங்கள் வேலை பார்த்த அதே எண்ணெய்க் கப்பல், அதே குழாய்கள். மாதா கோயிலில் யாரிடம் சொன்னாலும் "நல்ல வேலை" என்கிறார்கள். என் பயத்தைச் சொல்ல வேறு யாரும் இல்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடலடியிலிருந்து எண்ணெயை மேலே கொண்டுவரும் அந்தக் குழாயைப் பற்றி நூலகத்தில் தேடினேன். அலையில் கப்பல் ஆடும்போது ஒடியாமல் வளைவதற்காக, பிளாஸ்டிக்கும் இரும்புக் கம்பியும் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்குமாம். படித்ததும் உங்கள் குரல்தான் கேட்டது. உள்ளே வரும் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அடுக்குகளுக்கு நடுவே தேங்கும், அது வெளியேறக் குழாயின் மேல்முனையில் ஒரு சின்னத் துளை உண்டு என்று சொல்வீர்களே.

"நம்ம குக்கர் மாதிரிதாம்மா" என்பீர்கள். அம்மா சோறு வைக்கும் முன் மூடியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளை வழியாகப் பார்ப்பீர்கள்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதாங்க ஐயா? பிள்ளைங்களுக்குப் பசிக்குது லா" என்பார் அம்மா.

துருப்பிடிக்காமல் இருக்க, குழாயின் முனைக்கு யாரோ பெயிண்ட் அடித்தார்கள். துளைக்கும் சேர்த்து. உங்களோடு வேலை பார்த்த யூசுப் மாமா உங்கள் அடக்கத்தன்று வந்து சொன்னார். அடைப்பை எடுக்கப் போனது நீங்கள். தேங்கியிருந்த வாயு பீறிட்டு உங்களைத் தூக்கியெறிந்துவிட்டது. அந்தப் பெயிண்டர் நல்ல வேலைக்காரராகத்தான் இருந்திருப்பார். ஓர் இடம் விடாமல் அடித்திருக்கிறார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது அப்பா?

அன்றிலிருந்து அம்மா குக்கரைத் தொடுவதில்லை. பானையில்தான் சோறு வடிக்கிறார்.

அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஷிப்யார்டுலேயே இருண்ணே. தினமும் வீட்டுக்கு வந்துடலாம்ல."

"நீ என்ன சேஃப்டி ஆபீசரா? போய் ஹோம்வொர்க் பண்ணு லா."

"அந்தத் துளையையாவது பார்ப்பியா?"

"எந்தத் துளை?" என்று சிரித்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவன் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை நான் எழுந்து வந்தபோது, அண்ணன் தோளில் பையோடு சமையலறையில் நின்றிருந்தான். அலமாரியிலிருந்து குக்கர் மூடியை எடுத்தான். நீங்கள் நிற்கும் அதே ஜன்னலருகே போய், அதைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். நான் பின்னால் நின்றது அவனுக்குத் தெரியாது. பிறகு மூடியை வைத்துவிட்டு லிஃப்ட்டுக்குப் போய்விட்டான்.

எனக்கு அது ஆறுதலா, இன்னும் பயமா, தெரியவில்லை. பார்த்தால் மட்டும் போதுமா? நீங்களும் பார்க்கிறவர்தானே அப்பா?

அவன் திரும்பும்வரை தினமும் அந்த மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அதனால் கடலில் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்ப்பேன்.

உங்கள் சின்ன மகள்,
ஸ்டெல்லா
மார்சிலிங்