கத்திக்குப் பதில் மாத்திரை

சேலையூர்,
12.8.1993

அன்புள்ள ராஜாராமனுக்கு,

மன்னி ரமாவின் ஆசீர்வாதம். நாக்பூரில் நீங்கள் எல்லோரும் நலம்தானே? இங்கே சௌக்கியம் என்று எழுத முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது மின்சார ரயிலிலேயே உன் அண்ணா ரத்த வாந்தி எடுத்துவிட்டார். யாரோ புண்ணியவான்கள் குரோம்பேட்டையில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது சட்டை முழுக்கக் கறை. அந்தப் பழைய வயிற்றுவலிதான், புண் ஆழமாகிவிட்டதாம். சர்ஜன் இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிடலாம் என்றார். இதே ஆபரேஷனுக்குப் போன உங்கள் அப்பா திரும்பி வரவில்லையே. அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தி மட்டும் வேண்டாம் ரமா" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ரத்தம் நின்று வீட்டுக்கு வந்ததும், பக்கத்து வீட்டு காந்திமதி டீச்சர் எங்களை மேற்குத் தாம்பரத்தில் டாக்டர் பியூலாவிடம் அழைத்துப் போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டு, துளி சதையைக் கிள்ளி ஒரு மஞ்சள் மருந்தில் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்தது. கிருமி இருந்தால்தான் அப்படிச் சிவக்குமாம். காரமும் கவலையும் மட்டும் காரணமில்லை, வயிற்றுக்குள் ஒரு கிருமி குடியிருக்கிறது, அதை மாத்திரையாலேயே ஒழிக்கலாம் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். சர்ஜனிடம் சொன்னேன். "நானும் படிச்சேம்மா. ஆனா மறுபடி ரத்தம் கொட்டினா டைம் இருக்காது" என்றார். அண்ணா, "நீயே சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாத்திரை என்று சொன்னது நான்தான். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலை அண்ணா பாத்ரூமிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கருப்பா போறது. நாலு நாளாவே. சொன்னா ஆபரேஷன்னுடுவா." மருந்தாலும் கருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், உள்ளே ரத்தம் கசிந்தாலும் கருக்குமாம். எது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆட்டோ பிடித்தோம். தாம்பரம் ரயில்வே கேட்டு மூடிவிட்டது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாமா, சாருக்கு இப்படி வேர்க்குது! கூட்ஸ் வேற வந்துகினு கீது" என்றார். அந்த வண்டி முடிவேனா என்றது. என் வாயால்தானே இவருக்கு இந்த கதி என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் நாடி பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், சோதனையும் செய்தார். "மருந்தோட கலர்தான் சார். ரத்தம்னா தார் மாதிரி ஒட்டும், நாத்தம் தாங்காது" என்றார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நேற்று மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறியிருக்கிறது. ஆனால் கிருமி முழுவதும் போயிற்றா என்று தெரிய இன்னொரு சோதனை பாக்கி. அவர் ஏப்பம் விட்டாலும் திடுக்கிடுகிறேன்.

இந்தக் கிருமி ஒரே வீட்டில் பலருக்கு இருக்குமாம்; குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த வலி உண்டா என்று டாக்டர் கேட்டார். அண்ணா அப்பாவைச் சொன்னார், வேறு யாருக்கும் இல்லை என்றார். போன பொங்கலுக்கு வந்தபோது, யாருக்கும் தெரியாமல் சமையலறையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வயிற்றை அமுக்கி நின்றாயே, ராஜாராமா. நான் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.

லீவு இல்லை என்று பதில் எழுதாதே. பதிலே வேண்டாம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடு. உங்கள் அண்ணன் தம்பி இருவரையும் பெருமாள் நூறு வயசு வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
மன்னி ரமா