பதினாறரை மில்லிமீட்டர்

இன்று உன் கராஜ் கதவை உயர்த்தியதும் ஈயம் உருக்கிய மணம் முகத்தில் அடித்தது. நீ போய் மாதங்களாகியும் அது போகவில்லை. உன் மனைவி கூப்பிட்டுத்தான் போனேன். வீடு விற்றாகிவிட்டது, சனிக்கிழமை வாங்கினவர்களிடம் வீட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும். சிட்னியிலிருந்து செத்தவீட்டுக்கு வந்த உன் தம்பி, வந்த கையோடு எல்லாச் சாமான்களையும் வாங்க ஆள் பிடித்துவிட்டான். மிஞ்சியது நீ கட்டிய மாதிரி ரயில்பாதை மட்டும்.

"அண்ணா, நீங்களாவது கொண்டுபோங்கோ" என்றார் உன் மனைவி.

எங்கே கொண்டுபோவது? கராஜின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே பலகை. மூட்டுப் போட்டால் ரயில் தடம் புரளும் என்று நீ பிடிவாதமாக இருந்தாய்.

டான்டினோங் மலையில் ஓடும் நீராவி ரயிலில் பிள்ளைகளைக் கூட்டிப்போன நாளில் தொடங்கியது இது. அந்த ரயிலில் எல்லோரும் செய்வதுபோல ஜன்னல் விளிம்பில் குந்தி வெளியே காலைத் தொங்கவிட்டபடி, "மச்சான், இந்தப் பாதையை நாங்கள் செய்வம்" என்றாய். இருவரும் சேர்ந்துதான் செய்வதென்று பேச்சு. அளவில்தான் பிரிந்தோம்.

அந்த ஒடுங்கிய பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டரை அடி. நான் சொன்னபடி எண்பத்தேழில் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர். அந்த அளவுக்குக் கடையில் விற்கும் தண்டவாளமும் ஒன்பது. நீயோ நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றாய். அதற்குப் பதினாறு கூட வராது; அந்த அளவுக்குக் கிடைக்கும் கடைத் தண்டவாளமோ பதினாறரை.

"அரை மில்லிமீட்டருக்கு மேல பிழையடா" என்றேன்.

"ஒன்பது மில்லிமீட்டர் எறும்புக்குப் போடுற ரோட்டு. எனக்குப் பெரிய ரெயின்தான் வேணும்."

"பெரிய ரெயின் வேணுமெண்டா ஸ்டேஷனுக்குப் போய் நில்."

"உன்ர கணக்கை நீயே ஓட்டு, மச்சான்."

ஓட்டினேன். என் வீட்டில் நான் தனியாக, உன் வீட்டில் நீ தனியாக. நீ உன்னுடையதை முடித்துவிட்டு என்னை வந்து பார்க்கச் சொன்னாய். நான் வரவில்லை. நீயும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

கராஜில் நின்றபடியே மாதிரி ரயில் சங்கத்துக்கு ரெலிபோன் எடுத்துப் படமும் அனுப்பினேன். இத்தனை வருடமாக என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகாத தலைவர், படத்தைப் பார்த்துவிட்டு, வேலை அருமை, ஆனால் எங்களிடம் இருப்பதெல்லாம் வேறு அளவு என்றார். இந்த அளவில் செய்யும் இன்னொருவரிடம் கேட்டேன். அவ்வளவு நீளப் பலகைக்கு அவரிடமும் இடமில்லை. வெட்டினால் உன் வளைவுகள் எல்லாம் போய்விடும். வெட்டாமல் கதவைத் தாண்டாது.

"இவ்வளவு பெரிசாச் செய்யாதை எண்டு அண்டைக்கே சொன்னனான்" என்று உன் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

அவர் உன் எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சீனி வருத்தத்தால, நீங்கள் அளவுக்குச் சண்டை பிடிக்க முன்னமே அவருக்குக் கண் மங்கத் தொடங்கீட்டுது, அண்ணா. சின்னச் சாமான் தெரியாது. பெரிசெண்டா விரலால தடவிச் செய்யலாம் எண்டவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டாம் எண்டவர். சொன்னா நீங்கள் பாவம் பார்த்து விட்டுக்குடுத்துப்போடுவியளாம்."

விட்டுக்கொடுத்திருப்பேன்தான். நீ யார் அதை எனக்குப் பதிலாகத் தீர்மானிக்க?

விளக்கை அணைக்கச் சொன்னேன். கண்ணை மூடி, தண்டவாளத்துக்கு ஒரு விரலாக இரண்டு விரலை வைத்து, எஞ்சினை மெல்ல இறக்கினேன். முன்சக்கரம் ஏறினால் பின்சக்கரம் விழுந்தது. திருப்பி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. நீ இதை எப்படிச் செய்தாய் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன்.

"அண்ணா, லைற்றைப் போடட்டே?"

"கொஞ்சம் பொறுங்கோ."

அவர் பொறுத்தார். எஞ்சின் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை பலகையை அறுத்தெடுக்க வாளோடு ஆட்கள் வருவார்கள். தடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவினேன். தண்டவாளத்தின் கறுப்பு இரண்டு விரல் நுனியிலும் கோடாக நிற்கிறது. என் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிறாள். கண்ணை மூடி, மேசை விளிம்பில் அந்த விரல்களை வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறேன், உன்மேல் உள்ள கோபம் கொஞ்சமும் குறையாமல்.