நாற்பது துரைகள்

ஸ்தனிஸ்லாஸ் அப்பாவுக்கு,

வெளிநாட்டு மியூசியக் கடைக்கு நாம் வார்க்கும் பீங்கான் பொம்மையில், பட்டாம்பூச்சிப் பெட்டி சுமக்கும் அடிமை வேண்டாம், பூச்சி சேகரித்த வெள்ளைக்காரத் துரை மட்டும் போதும் என்று, உங்கள் முதலாளி பேச்சைக் கேட்டுச் சென்னையிலிருந்து சொல்லிவிட்டீர்கள். "பாக்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றீர்கள். விலங்கு மாட்டியபோது யாருக்குச் சங்கடம் வந்தது? காட்டில் அலைந்து பூச்சி பிடித்தவன் அவன். அவனை அடைத்து வந்த கப்பலிலேயே வந்த துரை, அந்தப் பூச்சிக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டார்.

இருந்தும் நீங்கள் சொன்னபடி அவனை அறுத்தெடுத்துவிட்டுத்தான் சூளையில் அடுக்கினேன். துரை நிற்பதே அவன் தோளைப் பிடித்துத்தான் என்பதை நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன்.

இன்று சூளையைத் திறந்த காசியம்மாள், "அக்கா, நாப்பது தொரையும் குப்புற வுழுந்து கெடக்குறாங்க" என்றாள்.

அவனோடுதான் மறுபடி வார்க்கிறேன். வேண்டாமென்றால், உங்கள் முதலாளியே வந்து துரையைத் தாங்கிப் பிடிக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி